வண்டிப் புகையும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

நெருப்பில்லாமற் புகையாது என்பது நம்மவர் பழமொழி. நெருப்பு எங்கே இருக்கின்றதெனக் கண்டறிந்து, அதற்குரியவனைப் பொறுப்பாளியாக்குவதே புகை பற்றிய சட்டங்கள் யாவற்றுக்கும் அடிப்படையாகும். ஆலைப் புகைக்கு ஆலைச் சொந்தக்காரனும், லொறிப் புகைக்கு லொறிச் சொந்தக்காரனும் பொறுப்பாளிகள் என்பது எவர்க்கும் எளிதில் விளங்கும். ஆனால், எஞ்சின் இல்லாததும், எரிபொருளில் ஒரு துளியேனும் குடியாததும், வேறொரு வண்டியின் பின்னே இழுபட்டுச் செல்வதுமாகிய டிரெயிலர் வண்டியும் புகைக்குப் பொறுப்பேற்க வேண்டுமா? இவ்வினா முதலிற் கேட்போர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். மாடு செய்த பிழைக்குக் கரத்தையைத் தண்டிப்பது போலன்றோ இது என்பாரும் உளர். எனினும், இந்நூற்றாண்டின் முதற் காற்பகுதியில் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் ஆட்சியாளரும் நீதிபதிகளும் இவ்வினாவோடு பல்லாண்டுகள் மல்லாடினர். அவர்கள் கண்ட விடையும் ஒன்றாக அமையவில்லை.

கொழும்பில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனைப் பகுதியில் வாழ்வோர் கொள்கலன் ஏற்றிய நெடிய வண்டிகளை நாள்தோறும் காண்கின்றனர். அவ்வண்டி உண்மையில் ஒன்றன்று, இரண்டு. முன்னே நின்று இழுப்பதைப் 'பிறைம் மூவர்' என்றும், பின்னே இழுபடுவதை 'டிரெயிலர்' என்றும் தொழிலாளர் வழங்குவர். நகரின் மறு கோடியிலுள்ள வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வாழ்வோர்க்குக் கொள்கலன் வண்டிகளின் தொல்லை குறைவெனினும், காலி வீதியிலும் ஹவ்லொக் வீதியிலும் ஊர்ந்து செல்லும் பஸ்களினதும் லொறிகளினதும் புகை புதிதன்று. எனவே, வண்டிப் புகையைச் சட்டம் எவ்வாறு நோக்கிவந்துள்ளது என்பதை ஆராய்வது பயனுடைய முயற்சியாகும். அவ்வாராய்ச்சியிற் புலப்படும் உண்மை ஒன்றுண்டு. புகை பற்றிய அறிவு வளருந்தோறும், 'பொறுப்பாளி யார்?' என்னும் வினாவுக்குரிய விடையும் விரிந்துகொண்டே வந்துள்ளது என்பதே அது.

பண்டைய சட்டங்கள்

புகையை அரசாணையால் அடக்க முயன்ற வரலாறு மிகப் பழையது. இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வேட் 1306ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரில் நிலக்கரி எரித்தலைத் தடைசெய்தான். ஆணை பிறந்ததேயன்றிப் புகை நிற்கவில்லை. விறகு அருகி விலையேறிய நகரில் நிலக்கரியை விட்டால் வேறு கதியிருக்கவில்லை. மாற்று வழி காட்டாத தடை மக்களாற் புறக்கணிக்கப்படும் என்பது புகைச் சட்ட வரலாறு நமக்குப் புகட்டும் முதற் பாடமாகும். 1661இல் ஜோன் ஈவ்லின் என்னும் அறிஞர் இலண்டன் புகையைப் பற்றித் தனி நூலொன்று எழுதி, புகை கக்கும் தொழில்களை நகருக்கு வெளியே அகற்றுதல் வேண்டுமென வாதாடினார். அவர் வாதமும் அக்காலத்தில் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி எஞ்சின் சக்கரத்தின்மேல் ஏறியது. அதனோடு புகையும் ஊரூராகச் செல்லலாயிற்று. நம்மவர் ரெயில் வண்டிக்குப் 'புகைவண்டி' என்றும் 'புகையிரதம்' என்றும் பெயரிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. ஆங்கிலேயர் அதனை இருப்புப் பாதையாற் பெயரிட்டு அழைக்க, தமிழர் அதன் புகையாற் பெயரிட்டு அழைத்தனர். புகை அத்துணை முனைப்பாகக் கண்ணிற் பட்டது போலும். இங்கிலாந்திற் பாராளுமன்றம் 1845ஆம் ஆண்டின் இருப்புப்பாதைச் சட்டத்தில், நீராவி எஞ்சின் ஒவ்வொன்றும் தன் புகையைத் தானே உட்கொள்ளும் வகையில் அமைக்கப்படல் வேண்டும் என விதித்தது. வீதியில் ஓடும் நீராவி வண்டிகளுக்கும் 1861ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியை விரித்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டமோ, வண்டிக்கு முன்னே ஓர் ஆள் செங்கொடி பிடித்து நடத்தல் வேண்டும், நகருள் மணிக்கு 2 மைலும் நாட்டுப்புறத்தில் 4 மைலுமே வேகம் எனக் கட்டுப்படுத்திப் பெயர்பெற்றது.

இவ்வரிசையில் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது 1896ஆம் ஆண்டின் சட்டம். மோட்டார் வண்டிகளைச் செங்கொடிச் சிறையினின்று விடுவித்த சட்டம் இதுவே. இலகுவான வண்டி என்று கொள்ளப்பட்டு இவ்விடுதலையைப் பெறுவதற்கு ஒரு வண்டி மூன்று தகுதிகளை உடையதாயிருத்தல் வேண்டும். வெறுமையாக நிற்கும்போது அதன் எடை 3 தொன்னுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளை அது இழுத்தலாகாது. அவ்வாறு இழுக்கும் ஒன்றும் தானும் சேர்ந்து வெறுமையில் 4 தொன்னை மிஞ்சுதலும் ஆகாது. தற்செயலாகவோ தற்காலிகமாகவோ நேர்ந்தாலன்றி, புகையோ கண்ணுக்குப் புலனாகும் ஆவியோ அதனின்று வெளிப்படலாகாது.

இழுபடும் வண்டியும் புகையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே வைக்கப்பட்டுள்ளமை நோக்கற்பாலது. ஆயினும், அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள உறவைச் சட்டம் கூறவில்லை. இழுபடும் வண்டி எடையோடு சேர்த்து எண்ணப்பட்டது. புகை தனியே எண்ணப்பட்டது. 'கண்ணுக்குப் புலனாகும்' என்னும் அடைமொழியும் கருதத்தக்கது. அக்காலத்தில் அளவுகருவி என்பது காவலாளியின் கண்ணேயாகும். கண்ணுக்குத் தோன்றாத தீங்கைச் சட்டமும் அறியாதிருந்தது.

கண்ணுக்குத் தோன்றாத தீங்கு

இவ்வறியாமையை அகற்றியவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகள். 1952ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி முதல் 9ஆம் திகதி வரை இலண்டனை மூடிய புகைப்பனியினால் ஏறத்தாழ 4,000 மக்கள் மாண்டனர் என அப்பொழுது கணிக்கப்பட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் அத்தொகையை 12,000 வரை உயர்த்தினர். இதன் பயனாக 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. எனினும், அச்சட்டம் பெரிதும் அடுப்பையும் ஆலையையுமே நோக்கியது.

மற்றை நிகழ்ச்சி கலிபோர்னியா மாநிலத்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நேர்ந்தது. அங்கே நிலக்கரிப் புகை மிகுதியாக இல்லை. வானம் தெளிந்திருந்தது, வெயிலும் நன்கு எறித்தது. அவ்வாறிருந்தும் 1943 முதற்கொண்டு மக்களின் கண் எரிந்தது, தொண்டை கரித்தது. ஹாகன்-ஸ்மிற் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1950களின் தொடக்கத்தில் இதன் காரணத்தை வெளிப்படுத்தினார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியிடும் ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிற் சேர்ந்து ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களை உண்டாக்குகின்றன என்பதே அவர் கண்ட உண்மை. நல்ல நிலையிலுள்ள மோட்டார் வண்டியும், கரும்புகை சிறிதும் காட்டாத வண்டியும், தீங்கு செய்யும் என்பது அன்றுதான் ஐயமற நிலைநாட்டப்பட்டது.

இதன் பின்னர்ச் சட்டத்தின் நோக்கே மாறிற்று. கண்ணுக்குத் தெரியாத வாயுவைச் சாரதி எங்ஙனம் அறிவான்? அறிந்தாலும் எங்ஙனம் தடுப்பான்? எனவே பொறுப்பு வண்டியைச் செலுத்துபவனிடமிருந்து வண்டியைச் செய்பவனிடம் சென்றது. கலிபோர்னியா 1960களில் எஞ்சினின் உட்கசிவை மீண்டும் எரிப்பதற்குரிய கருவியைப் புதிய வண்டிகளிற் கட்டாயமாக்கியது. 1966 முதற்கொண்டு புகைக்குழாய் வாயுவுக்கும் அளவு வகுத்தது. 1967இல் அம்மாநிலத்தின் காற்று வளச் சபை நிறுவப்பட்டது. அதன் முதற் தலைவரும் ஹாகன்-ஸ்மிற்றே. 1970இல் அமெரிக்க நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1975ஆம் ஆண்டு வண்டிகளில், நச்சு வாயுவை மாற்றும் ஊக்கிக் கருவி பொருத்தப்படலாயிற்று.

அக்கருவி பொருத்தப்பட்டவுடன் மற்றோர் உண்மை புலனாயிற்று. பெற்றோலிற் கலந்த ஈயம் அக்கருவியைக் கெடுத்துவிடும். ஆகவே பெற்றோலைச் சுத்திகரிப்பவனும் சட்டத்தின் வளையத்துள் வந்தான். டீசலிலுள்ள கந்தகமும் இவ்வாறே பின்னர்க் கணக்கெடுக்கப்பட்டது. சாரதியிற் தொடங்கிய பொறுப்பு, வண்டி செய்வோனைக் கடந்து, எண்ணெய் காய்ச்சுவோனையும் எட்டியது. சங்கிலியில் ஒரு கண்ணியைப் பற்றி இழுத்தால் அடுத்த கண்ணியும் அசையுமன்றோ?

இலங்கையில் நேர்ந்தவை

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொழும்புத் துறைமுகத்திற்கும் புறக்கோட்டைக்கும் இடையே சரக்குகளை ஏற்றியிறக்கியவை நெடுங்காலம் மாட்டுக் கரத்தைகளே. பாரத்தைச் சுமந்தவர்கள் நாட்டாமைத் தொழிலாளர். மக்களை ஏற்றிச் செல்ல 1899ஆம் ஆண்டு முதல் மின்சார டிராம் ஓடியது. 1953இல் டிரொலி பஸ்ஸும் வந்தது. இவையிரண்டும் வீதியிற் புகை கக்காதவை. ஆனால் டிராம் 1960இலும் டிரொலி பஸ் 1964இலும் நின்றுபோயின. 1958ஆம் ஆண்டு தை முதலாந் திகதி தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டீசல் பஸ்களே நகரப் போக்குவரத்தின் முதுகெலும்பாயின. 1985இல் ஜய கொள்கலன் துறை தொழிற்படத் தொடங்கியபின் டிரெயிலர் வண்டியும் நகரின் நிலையான காட்சியாயிற்று.

இவ்வண்டிகளை ஆண்ட சட்டங்கள் 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க மோட்டார் வண்டிக் கட்டளைச்சட்டமும், அதன்பின் வந்த 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமுமாம். வண்டியின் பதிவு, அனுமதிப்பத்திரம், சாரதியின் தகுதி, வேகம், காப்புறுதி ஆகியனவே இவற்றின் பெரும்பொருள். காற்றைப் பற்றிய கவலை தனிச் சட்டமாக உருப்பெற்றது 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்திலேயே. மறு ஆண்டு மத்திய சுற்றாடல் அதிகாரசபை தோன்றியது. 1988இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வலுவூட்டப்பட்டது. 1994இல், மக்கள் சுவாசிக்கும் சூழற் காற்றில் இன்ன மாசு இன்ன அளவினை மிஞ்சலாகாதென வர்த்தமானியில் விதிக்கப்பட்டது.

ஆனால் இவ்விதியில் ஒரு குறையிருந்தது. காற்று இவ்வாறு இருத்தல் வேண்டும் எனக் கூறிய விதி, அக்காற்றைக் கெடுக்கும் வண்டி எவ்வாறு இருத்தல் வேண்டும் எனக் கூறவில்லை. நியமம் வகுக்கும் அதிகாரத்தைச் சட்டம் அமைச்சருக்கு அளித்திருந்தது. எனினும் வாளிருந்தும் அஃது உறையிலேயே கிடந்தது. இந்நிலையிற்றான் 1998இல் லலநாத் டி சில்வா என்னும் சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 569/98 என்பது அதன் இலக்கம். வண்டிப் புகைக்குரிய நியமங்களை அமைச்சர் வகுக்காது விட்டமை குடிமக்களின் உரிமையை மீறுவதாகும் என்பது அவர் வழக்கின் சாரம். நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் 'உயிர்வாழும் உரிமை' என்று தனியே ஒரு வாசகம் இல்லை என்பதை நினைவிற்கொண்டால், இம்மனுவின் துணிவு விளங்கும். ஒருவன் செய்த செயலைக் குற்றமெனல் எளிது. செய்யாமையைக் குற்றமெனல் அரிது.

வழக்கு இணக்கமாக முடிவுற்றது. நியமங்களை வகுப்பதற்கு அரசு உடன்பட்டது. அவ்வாறே 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வாயு வெளியேற்றம், எரிபொருள், வாகன இறக்குமதி ஆகிய மூன்றுக்குமுரிய நியமங்கள் வர்த்தமானியில் வெளிவந்தன. 2003ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி அவை புதுக்கப்பட்டன. அயல்நாடாகிய இந்தியாவிலும் அதே 1998ஆம் ஆண்டிலேயே, எம். சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கில், டில்லி மாநகர பஸ்கள் யாவும் டீசலைக் கைவிட்டு அமுக்கிய இயற்கை வாயுவுக்கு மாறுதல் வேண்டுமென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டமை ஒப்புநோக்கத்தக்கது. அங்கே நீதிமன்றமே வழியையும் வகுத்தது. இங்கே நீதிமன்றத்தின் வாயிலில் அரசு வழியை வகுக்க இசைந்தது.

எரிபொருள், இறக்குமதி, ஓடும் வண்டி என்னும் மூன்றையும் ஒரே நியமத்தில் அடக்கியது நம் நாட்டு விதியின் சிறப்பு. உலகம் ஏறத்தாழ 40 ஆண்டுகளில் தட்டித் தடவிக் கற்ற பாடத்தை நாம் ஒரே ஏட்டிற் பெற்றுக்கொண்டோம். ஈயம் கலந்த பெற்றோல் விற்பனை 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் நின்றது. 2008இல் நியமங்கள் மீண்டும் திருத்தப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் மேல் மாகாணத்தில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கி, பின்னர் ஏனை மாகாணங்களுக்கும் விரிந்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மேற்பார்வையில் இரு தனியார் கொம்பனிகள் இதனை நடத்தலாயின. பரிசோதனைச் சான்றிதழ் இன்றி ஆண்டுதோறும் வாங்கவேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெற இயலாது என்பதே இதன் பிடி. சாரதியை வீதியில் மறித்துத் தண்டிப்பதிலும் இது வலியது. தப்புதற்கு இடம் குறைவு. 2018இல் யூரோ 4 என்னும் ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்ற வண்டிகளையும் எரிபொருளையும் நோக்கி நாடு அடியெடுத்து வைத்தது.

இப்பரிசோதனை யாது அளக்கின்றது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று. பெற்றோல் வண்டியாயின், அது நின்றபடி எஞ்சின் ஓடுகையிற் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எவ்வளவு என அளக்கப்படும். டீசல் வண்டியாயின், நிற்கும் நிலையிலேயே மிதிபலகையைச் சடுதியாக அழுத்தி, வெளிவரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கின்றது எனக் கருவியாற் கணிப்பர். 1896இல் காவலாளியின் கண் செய்த வேலையை இன்று கருவி நுட்பமாகச் செய்கின்றது எனலாம். ஆயினும், இச்சோதனையில் வண்டி நிற்கின்றது, பாரமில்லை, பின்னே டிரெயிலரும் இல்லை. நைதரசன் ஒட்சைட்டுகளும் அளக்கப்படுவதில்லை. இருபதடி அல்லது நாற்பதடிக் கொள்கலனை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது அதே எஞ்சின் எவ்வாறு மூச்சுவிடுகின்றது என்பது சான்றிதழில் எழுதப்படுவதில்லை.

டிரெயிலரின் வழக்கு

இங்கேதான் தொடக்கத்தில் எழுப்பிய வினா மீண்டும் தலைகாட்டுகின்றது. ஒரு பாரவண்டி ஓடும்போது எஞ்சின் எவற்றோடு போராடுகின்றது? வீதியில் உருளும் ரயர்களின் இழுவையோடும், எதிர்க்கும் காற்றோடும், மேட்டில் ஏறுகையிலும் நின்று புறப்படுகையிலும் வண்டியின் முழு எடையோடும் போராடுகின்றது. இவற்றுட் பெரும்பங்கு பின்னே வரும் டிரெயிலருக்கு உரியது. புகை முன்னே வெளிவரினும், அப்புகையைப் பிறப்பிக்கும் வேலை பின்னே கிடக்கின்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலின் நெடுஞ்சாலையில் விரைந்தோடும் பெட்டிவடிவ டிரெயிலரின் உருவமே எரிபொருட் செலவைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

கலிபோர்னியா இதனை இரு படிகளிற் சட்டமாக்கியது. குளிரூட்டிய டிரெயிலர்களில், பொருள் கெடாது காக்கும் குளிர்க்கருவியை ஓட்டுதற்குத் தனியே ஒரு சிறு டீசல் எஞ்சின் உண்டு. வண்டி நின்றாலும் அது ஓயாது. 1998இல் டீசற் புகைத்துகளை நச்சுப்பொருளென அறிவித்த அம்மாநிலம், 2004இல் இச்சிறு எஞ்சினுக்கும் கட்டுப்பாடு விதித்தது. இதில் எவர்க்கும் மயக்கமில்லை. நெருப்பு இருக்குமிடத்திலேயே சட்டம் கைவைத்தது. அடுத்த படியே புதுமையானது. 2006ஆம் ஆண்டின் புவி வெப்பத் தடுப்புச் சட்டத்தின் வழியாக 2008 டிசெம்பரில் இயற்றப்பட்டு, 2010 முதல் நடைமுறைக்கு வந்த விதி, 53 அடியும் அதற்கு மேலும் நீளமான பெட்டி டிரெயிலர்களுக்குக் காற்றை வழுக்கிச் செல்லவிடும் பக்கத் தட்டிகள் முதலியனவும், குறைந்த இழுவையுடைய ரயர்களும் வேண்டும் என்றது. சாதாரணப் பெட்டியாயின் 5 வீதமும், குளிர்ப்பெட்டியாயின் 4 வீதமும் எரிபொருள் மிச்சம் தரவல்ல தட்டிகள் பொருத்தப்படல் வேண்டும். அம்மாநிலத்து நெடுஞ்சாலையிற் செல்லும் பிற மாநில வண்டிகளுக்கும் இஃது உரியது. இன்னொரு சிறப்பும் உண்டு. வண்டிச் சொந்தக்காரனும் சாரதியும் மட்டுமன்றி, கலிபோர்னியாவிலிருந்து சரக்கை அனுப்புவோனும் அதற்குத் தரகு செய்வோனும் பொறுப்பாளிகளாக்கப்பட்டனர். பொறுப்பு, வண்டியைக் கடந்து, வண்டியை வாடகைக்கு அமர்த்துவோனின் கதவையும் தட்டியது.

இதனைப் பின்பற்றி 2016இல் அமெரிக்க மத்திய அரசின் சுற்றாடற் காப்பு நிறுவனமும் டிரெயிலர்களுக்கு நாடளாவிய தரமொன்றை வகுத்தது. டிரெயிலர் செய்வோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2017இல் விதி இடைநிறுத்தப்பட்டது. 2021 நவம்பரில் வாஷிங்டன் நகரிலுள்ள கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் விஞ்ஞானத்தை மறுத்தே இம்முடிவுக்கு வந்தது எனக் கொள்ளலாகாது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குத் 'தானே இயங்கும் வாகனம்' எனப் பொருள் வரைந்திருந்தது. டிரெயிலர் தானே இயங்குவதன்று. ஆதலின் அது மோட்டார் வாகனமன்று. அதனை ஆளும் அதிகாரம் அந்நிறுவனத்துக்கு இல்லை. ஒரு சொல்லின் வரைவிலக்கணமே வழக்கின் முடிவாயிற்று. கலிபோர்னியாவின் 2008ஆம் ஆண்டு விதியோ மாநிலச் சட்டத்தின் வழிப் பிறந்ததாகலின், அத்தீர்ப்பினால் அழியவில்லை.

நம் சட்டங்களில் இவ்வரைவிலக்கணம் எவ்வாறுள்ளது என ஒப்புநோக்குவோர் வியப்படைவர். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இயக்கும் சக்தி வண்டியின் உள்ளிருந்து வரினும் புறத்திருந்து வரினும் அது மோட்டார் வாகனமே என்று கூறி, டிரெயிலரையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்கின்றது. நமது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணமும் வீதிக்குரிய டிரெயிலரை மோட்டார் வாகனம் என்னும் சொல்லுள் அடக்குகின்றது. சட்டம் இயற்றியோர் அன்று புகையை நினைத்து இவ்வாறு எழுதினர் என்பதற்கில்லை. பதிவையும் வரியையும் விபத்தையும் கருதியே எழுதியிருத்தல் கூடும். ஆயினும், அமெரிக்க நீதிமன்றத்தில் அடைபட்ட வாயில் நம் சட்டப் புத்தகத்திற் திறந்தே கிடக்கின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் சொல் சுற்றாடற் சட்டத்துக்குத் தானாகவே பொருந்திவிடும் என்று கூறுதல் பொருந்தாதெனினும், இரண்டையும் இணைப்பது பாராளுமன்றத்துக்கு அரிய செயலன்று.

நாம் கொள்ளத்தக்கது யாது?

இவ்வாறு கூறுவதால், கலிபோர்னியாவின் தட்டிகளைக் கொட்டாஞ்சேனை வண்டிகளிற் கொண்டுவந்து மாட்டுதல் வேண்டும் என்பது கருத்தன்று. அது பிறர் சட்டையை அளவு பாராது அணிதல் போலாகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தால் வளர்வது என்று மேலே கண்டோம். துறைமுக வாயிலில் வரிசையில் நின்று நின்று ஊரும் வண்டிக்குக் காற்று ஒரு பகையன்று. அதற்குப் பகை வேறு: காற்றுக் குறைந்த ரயர், பிடித்துக்கொண்டு விடாத பிறேக்கு, அளவுக்கு மிஞ்சிய பாரம், எஞ்சினை அணைக்காது காத்திருக்கும் நெடுநேரம், குளிர்க்கொள்கலனுக்கு மின்சாரம் ஊட்டும் சிறு டீசல் எஞ்சின் ஆகியன. இவற்றுட் பல டிரெயிலரைச் சார்ந்தவை. எஞ்சினை மட்டும் சோதிக்கும் சான்றிதழில் இவற்றுள் ஒன்றும் இடம்பெறாது.

யார் செலவை ஏற்பது என்னும் வினாவையும் மறத்தலாகாது. ஒரே வண்டியைக் கடனுக்கு வாங்கி, தவணைப் பணம் கட்டிக்கொண்டு ஓட்டுபவன் ஒருபுறம். நூற்றுக்கணக்கான கொள்கலன்களை அனுப்பும் பெரு வணிகன் மறுபுறம். வரிசையிற் காத்திருக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவன் சாரதி அல்லன். பாரத்தைத் தீர்மானிப்பவனும் பெரும்பாலும் அவனல்லன். அவ்வாறாயின் புகைக்குரிய தண்டத்தை அவன் ஒருவன் தலையிலேயே சுமத்துதல் நீதியாகுமா? சரக்கை அனுப்புவோனையும் பொறுப்பாளியாக்கிய கலிபோர்னிய விதியின் உட்கருத்து, அதன் தட்டிகளைக் காட்டிலும் நமக்குப் பயன்படுவதாகும். 1306ஆம் ஆண்டு ஆணை ஏன் தோற்றது என்பதையும் இவ்விடத்து நினைத்தல் தகும். மாற்று வழியற்ற எளியோன்மேற் பாயும் சட்டம் நிலைப்பதில்லை.

இதன் அவசரம் எத்தகையது என்பதைச் சில எண்கள் உணர்த்தும். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் எஞ்சினின் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது என உறுதியாக வகைப்படுத்தியது. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்துகள் ஒரு கனமீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 25 மைக்ரோகிராமை மிஞ்சலாகாது என்பது 2008இல் வகுக்கப்பட்ட நம் நாட்டு நியமம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் 10 என்று கூறிய எல்லையை 2021இல் 5 எனக் குறைத்தது. அறிவு வளருந்தோறும் எல்லை குறுகுகின்றது. தெருவோரத்தில் நடந்து பள்ளி செல்லும் பிள்ளையின் முகம் லொறியின் புகைக்குழாய்க்கு வளர்ந்தோர் முகத்தினும் அண்மையில் இருக்கின்றது என்பதை எண்ணிப்பார்த்தால், எண்களின் பொருள் இன்னும் தெளிவாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, வண்டிப் புகைச் சட்டத்தின் வரலாறு பொறுப்பின் வரலாறே எனலாம். முதலிற் சாரதி, பின்னர் வண்டி செய்வோன், அவன்பின் எண்ணெய் காய்ச்சுவோன், அதன்பின் நியமம் வகுக்கத் தவறிய அமைச்சர், இறுதியாக எஞ்சினில்லா வண்டியின் சொந்தக்காரனும் சரக்கை அனுப்புவோனும் என, பொறுப்பு படிப்படியாக விரிந்துள்ளது. கரத்தையைத் தண்டிப்பதா என நகைத்த வினாவுக்கு விடை இதுவே: கரத்தையைத் தண்டிக்க வேண்டியதில்லை, ஆனால் மாடு ஏன் மூச்சிரைக்கின்றது என்று அறிய விரும்புவோன் கரத்தையிலுள்ள பாரத்தையும் அதன் சில்லையும் பார்த்தே ஆகல் வேண்டும். வர்த்தமானித் தாள்களில் உறங்கும் இத்தகைய விதிகளை நம் மாணவர் வரலாற்று மூலங்களாகக் கருதிப் படிப்பாராயின், நாளைய விதிகளை வகுப்போர் அவருள்ளிருந்தே தோன்றுவர் என்பது திண்ணம்.